தானாக நீந்தும் நுண்துகள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளத்துப் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டு, கல்லூரி மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு விதமான ஆட்டம் கண்ணில் படும். சில புள்ளிகள் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். சில புள்ளிகள் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் விறுவிறுவென்று குறுக்கே போய்ப் பார்வையை விட்டு மறையும். இந்தப் பக்கம் அந்த இரண்டாவது வகையைப் பற்றியது. மாணவர்களும், அவர்களுடைய பெற்றோர் சிலரும், ஒரு பல் மருத்துவரும் என்னிடம் கேட்ட கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

தானாக நீந்தும் துகள் என்று எதைச் சொல்கிறீர்கள்?

தண்ணீரில் ஒரு துகள் நகர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. கனமாக இருந்தால் கீழே இறங்கும். ஓட்டம் இருந்தால் அடித்துக்கொண்டு போகும். இரண்டும் இல்லாவிட்டாலும் தண்ணீர் மூலக்கூறுகள் இடித்துக்கொண்டே இருப்பதால் நடுங்கும். இதுதான் பள்ளியில் படித்த பிரௌனியன் இயக்கம். இந்த மூன்றும் இல்லாமல், சுற்றியிருக்கும் நீரிலிருந்தோ தன் உள்ளிருந்தோ ஆற்றலை எடுத்து, அதைத் தானே ஓட்டமாக மாற்றி முன்னேறும் துகளைத்தான் இங்கே சொல்கிறேன். பாக்டீரியா, விந்தணு, ஒரு செல் பாசி ஆகியவை உயிருள்ள உதாரணங்கள். பாதி உடம்புக்கு மட்டும் பிளாட்டினம் பூசிய பிளாஸ்டிக் மணிகள் உயிரில்லாத உதாரணம்.

ஒரு விஷயத்தை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், கடைசிவரை அது கூடவே வரும். இந்தத் துகளை வெளியிலிருந்து யாரும் தள்ளுவதில்லை. அது நீரைப் பின்னால் எவ்வளவு தள்ளுகிறதோ, அதே அளவு அதன் உடம்பு நீரை முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. கூட்டிக் கழித்தால் அது நீரின்மேல் செலுத்தும் மொத்த விசை பூஜ்யம்.

மீன் நீந்துகிறது, பாக்டீரியாவும் நீந்துகிறது. அளவுதானே வித்தியாசம்?

இல்லை. அளவு மாறும்போது நீச்சலின் விதியே மாறிவிடுகிறது. பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நீருக்குள் நகரும் எந்தப் பொருளோடும் இரண்டு குணங்கள் மல்லுக்கட்டுகின்றன. ஒன்று நிலைமம்: ஓடத் தொடங்கியது ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். மற்றொன்று பாகுநிலை: நீரின் ஒரு படலம் பக்கத்துப் படலத்தைப் பிடித்து இழுக்கும். இவற்றில் எது எத்தனை மடங்கு பெரியது என்பதைச் சொல்லும் எண்தான் ரெனால்டு எண். 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயத்தை ஓடவிட்டுச் செய்த சோதனையிலிருந்து வந்த பெயர். நீளத்தை வேகத்தால் பெருக்கி, பாகுநிலைக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தால் வகுக்க வேண்டும். தண்ணீருக்கு அந்த விகிதம் வினாடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டர்.

நீங்கள் கிணற்றில் நீந்தும்போது இந்த எண் 10 லட்சத்தைத் தாண்டும். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் உடம்பு 2 மைக்ரான் நீளம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 30 மைக்ரான். கணக்குப் போட்டால் 0.00006 வரும். அதாவது நிலைமம் என்ற ஒன்று அதற்கு நடைமுறையில் இல்லை. அதனால் பாய்ம இயக்கவியலின் பெரிய சமன்பாட்டில் நிலைமத்தைச் சொல்லும் பகுதியையே வெட்டி எறிந்துவிடலாம். மிஞ்சுவது ஸ்டோக்ஸ் சமன்பாடு. அதில் காலம் என்ற மாறியே கிடையாது. இந்தக் கணத்தில் உடம்பு எப்படி அசைகிறதோ அதை வைத்தே இந்தக் கணத்து ஓட்டம் முடிவாகிறது. ஒரு நொடி முன்னால் என்ன நடந்தது என்ற நினைவு நீருக்கு இல்லை.

நீந்துவதை நிறுத்தினால் பாக்டீரியா எவ்வளவு தூரம் வழுக்கிப் போகும்?

இதை நீங்களே கணக்கிடலாம். ஒரு மைக்ரான் ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நிறையை ஸ்டோக்ஸ் விதியின் இழுவைக் கெழுவால் (நீர் அதை எவ்வளவு பிடித்து இழுக்கும் என்று சொல்லும் எண்) வகுத்தால் ஒரு மைக்ரோ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். அவ்வளவு நேரத்தில் வேகம் கரைந்துவிடுகிறது. அதற்குள் அது கடக்கும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எட்வர்ட் பர்செல் 1976-இல் ஓர் உரையில் இதைப் பேசினார். அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. அவர் 1952-இல் வேறொரு துறைக்காக இயற்பியல் நோபல் பெற்றவர். பாக்டீரியாவின் நிலைமை நமக்குப் புரிய வேண்டுமானால் வெல்லப்பாகு நிரப்பிய குளத்தில் இறங்கி, கையையோ காலையோ நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அசைக்காமல் நீந்திப் பார்க்க வேண்டும் என்றார். இந்தத் துறைக்குள் வருபவர்கள் பெரும்பாலும் அந்தச் சிறிய கட்டுரை வழியாகத்தான் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான்.

சிப்பித் தேற்றம் என்கிறார்களே, அது என்ன?

கடலில் சில சிப்பிகள் ஓட்டை மெதுவாகத் திறந்து, சட்டென்று மூடி, நீரைப் பீய்ச்சி நகரும். ஒரே ஒரு கீல்தான். மைக்ரான் அளவில் அப்படி ஒரு சிப்பி இருந்தால் இம்மிகூட முன்னேறாது. திறக்கும்போது எவ்வளவு பின்னால் போனதோ மூடும்போது அதே அளவு முன்னால் வரும். மெதுவாகத் திறந்து வேகமாக மூடினாலும் பயனில்லை, ஏனென்றால் ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் காலம் இல்லை. உடம்பு என்னென்ன வடிவங்களை எந்த வரிசையில் எடுத்தது என்பது மட்டும்தான் கணக்கு. போன வழியிலேயே திரும்பி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவீர்கள்.

ஆகவே, திரும்பி வரும் வழி வேறாக இருக்க வேண்டும். பர்செல் இரண்டு கீல் வைத்து ஒரு வழி காட்டினார். 2004-இல் நஜாஃபி, கோலஸ்தானியான் இருவரும் ஒரே கோட்டில் மூன்று மணிகளைக் கோத்து, இரண்டு இடைவெளிகளை மாற்றி மாற்றிச் சுருக்கி விரித்தாலே போதும் என்று காட்டினார்கள். தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த மூன்று மணிக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் தேற்றம் மனதில் நின்றுவிடும்.

திரும்பினால் எல்லாம் பழையபடி ஆகும் என்பதை வீட்டில் பார்க்க முடியுமா?

பார்க்கலாம், அவசியம் பாருங்கள். கேக் செய்யும் சாமான் விற்கும் கடையில் லிக்விட் குளுக்கோஸ் என்று கேட்டால் நிறமில்லாத கெட்டிப் பாகு ஒன்று கொடுப்பார்கள். அகலமான கண்ணாடிக் கிண்ணத்தின் நடுவில் நேரான கண்ணாடித் தம்ளர் ஒன்றை நிறுத்தி, இடையில் இந்தப் பாகை ஊற்றுங்கள். கொஞ்சம் பாகைத் தனியாக எடுத்து கேசரிப் பவுடர் கலந்து, ஒரு சொட்டு மருந்துக் குழலால் அந்த இடைவெளிக்குள் மூன்று புள்ளிகள் வையுங்கள். இப்போது உள்தம்ளரை மெதுவாக நான்கு சுற்று சுற்றுங்கள். புள்ளிகள் இழுபட்டு, நூலாகி, கலந்தே போய்விட்ட மாதிரி இருக்கும். அப்புறம் அதே நான்கு சுற்றை எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். புள்ளிகள் கூடி வந்து பழைய இடத்தில் நிற்கும்.

முதல் தடவை நான் செய்தபோது திரும்பச் சுற்றுகையில் தம்ளர் நடுவிலிருந்து விலகிவிட்டது. போன வழியிலேயே அது திரும்பவில்லை, அதனால் புள்ளிகள் சரியாகச் சேரவில்லை. ஒரு மூடியில் துளை போட்டு அதற்குள் தம்ளரை நிறுத்திய பிறகு மூன்றும் பளிச்சென்று வந்தன. என் மகள் நாலைந்து தடவை செய்யச் சொல்லிப் பார்த்தாள். ஜெஃப்ரி டெய்லர் 1960-களில் இதே சோதனையைக் கல்விப் படமாகவே எடுத்திருக்கிறார். நுண்ணுயிர்களின் நீச்சலுக்கு முதலில் கணக்குப் போட்டவரும் அவர்தான், 1951-இல்.

அப்படியானால் பாக்டீரியா எப்படித்தான் முன்னேறுகிறது?

சுழற்றி. ஈ.கோலையின் உடம்பிலிருந்து நாலைந்து கசையிழைகள் நீளும். ஒவ்வொன்றும் 20 நானோமீட்டர் தடிமன் (ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு), உடம்பைப்போல் பல மடங்கு நீளம், தக்கை திருகிபோல் முறுக்கிய வடிவம். அடியில் செல்சுவருக்குள் பதிந்த ஒரு மோட்டார் இருக்கிறது. 45 நானோமீட்டர் அகலம்தான், ஆனால் உண்மையிலேயே சுழலும் அச்சு கொண்ட மோட்டார். புரோட்டான்கள் உள்ளே பாய்வதால் ஓடுகிறது, நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல். இழைகள் சாட்டைபோல் ஆடுகின்றன என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அவை சுழல்கின்றன என்று 1973-இல் ஹோவர்ட் பெர்க், ராபர்ட் ஆண்டர்சன் இருவரும் வாதிட்டார்கள். அடுத்த ஆண்டே ஓர் இழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, உடம்பு கிறுகிறுவென்று சுற்றுவதை வேறொரு குழு நேரில் பார்த்துவிட்டது.

சுழன்றால் ஏன் முன்னேற வேண்டும்? மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை அந்த குளுக்கோஸ் பாகில் போட்டுப் பாருங்கள். நட்டமாகப் போட்டால் சீக்கிரம் இறங்கும், படுக்கையாகப் போட்டால் மெதுவாக இறங்கும். மிக மெல்லிய கம்பிக்கு இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சாய்த்துப் போட்டால் இன்னும் வேடிக்கை: நேரே இறங்காமல் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இறங்கும். கீழ்நோக்கிய விசையில் ஒரு பங்கு பக்கவாட்டு நகர்வாக மாறுகிறது. முறுக்கிய இழையின் ஒவ்வொரு துண்டும் இப்படிச் சாய்ந்த கம்பிதான். பக்கவாட்டில் சுழற்றினால் நீளவாக்கில் தள்ளும். சுழற்சி ஒரே திசையில் போய்க்கொண்டே இருப்பதால் சிப்பித் தேற்றத்தில் மாட்டுவதும் இல்லை.

தள்ளும் விசை ஒரு நியூட்டனில் லட்சம் கோடியில் அரைப் பங்கு. மோட்டார் செலவிடுவதில் ஒன்றிரண்டு சதவீதம்தான் முன்னேற்றமாகிறது. ஆனாலும் பாக்டீரியாவின் மொத்தச் செலவில் நீச்சல் ஒரு சிறு பங்கே என்பதால் அதற்கு இது பாரமில்லை.

சாப்பாடு தண்ணீரில் தானாகவே விரவி வருமே, எதற்கு நீந்த வேண்டும்?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு கல்லூரி மாணவி கேட்டார். சரியான கேள்வி, ஏனென்றால் உடனடியாகப் பார்த்தால் நீந்துவதால் பயனே இல்லை.

சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறு நீரில் எவ்வளவு சீக்கிரம் விரவும் என்பதைச் சொல்லும் விரவல் எண்ணை நொடிக்கு 1000 சதுர மைக்ரான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மைக்ரான் தூரத்தை அது ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் கடந்துவிடும். பாக்டீரியாவுக்கோ அதே தூரத்துக்கு ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு வேண்டும். அதாவது பாக்டீரியா கையைக் காலை ஆட்டிச் சுற்றியிருக்கும் நீரைக் கலக்கினால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. விரவல் அதற்கு முன்பே கொண்டுவந்து கொடுத்திருக்கும்.

பிறகு ஏன்? வேறிடத்தில் அதிகமாகக் கிடைக்கிறதா என்று தேடத்தான். அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. விரவலை முந்திக்கொண்டு புது இடத்துக்குப் போக, விரவல் எண்ணை வேகத்தால் வகுத்த தூரமாவது ஓட வேண்டும். 1000-ஐ 30-ஆல் வகுத்தால் 33 மைக்ரான். அதை ஓட ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். 1972-இல் பெர்க்கும் டக்ளஸ் பிரௌனும் தனியொரு பாக்டீரியாவைத் துரத்திப் பிடிக்கும் மைக்ராஸ்கோப்பில் அளந்தபோது ஈ.கோலை நேராக ஓடும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான் இருந்தது. அப்புறம் பத்தில் ஒரு நொடி குட்டிக்கரணம், புதுத் திசை, மறுபடி ஓட்டம். இந்தக் கணக்கு இப்படி வந்து பொருந்துவதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும்.

மிக நீண்ட நேரம் நேராக ஓடவும் அதனால் முடியாது. மூலக்கூறுகளின் இடி அதன் மூக்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும். பத்து நொடியில் போன திசை மறந்தே போகும். அதனால் நிலைமை தேவலையாகிறதா என்று சில நொடிகளுக்குள் ஒப்பிட்டு முடிவெடுக்கிறது. தேவலை என்றால் குட்டிக்கரணத்தைத் தள்ளிப்போடுகிறது. அதன் வழி கண்டுபிடிக்கும் வித்தை மொத்தமும் அவ்வளவுதான்.

தள்ளும் வகை, இழுக்கும் வகை என்று பிரிப்பது எதனால்?

மொத்த விசை பூஜ்யம் என்று சொன்னேன் அல்லவா, அதிலிருந்து வருவது இது. தண்ணீரில் மூழ்கும் மணல்துகளை ஈர்ப்பு விசை கீழே இழுக்கிறது. அது கிளப்பும் ஓட்டம் தூரம் இரட்டித்தால் பாதியாகும். தானாக நீந்துவதற்கு வெளிவிசை இல்லை. முன்னோக்கி ஒன்று, பின்னோக்கி ஒன்று என்று எதிரெதிரான இரண்டு விசைகள்தான் நீர்மேல் விழுகின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் தூரம் இரட்டித்தால் ஓட்டம் கால்வாசியாகிறது.

அந்த இரண்டு விசைகளில் எது முன்னால், எது பின்னால் என்பதுதான் வகை. ஈ.கோலைக்கும் விந்தணுவுக்கும் இயந்திரம் வாலில் இருக்கிறது. அவை நீரை முன்னும் பின்னும் வெளியே தள்ளி, இரண்டு பக்கவாட்டிலிருந்தும் உள்ளே இழுக்கும். இது தள்ளும் வகை. கிளாமிடோமோனாஸ் என்ற 10 மைக்ரான் பாசிக்கு முன்பக்கத்தில் இரண்டு இழைகள். மார்பு நீச்சல் அடிப்பவர்போல் நீரை முன்னாலிருந்து இழுத்து, பக்கவாட்டில் வெளியே தள்ளும். இது இழுக்கும் வகை. கணக்கில் கூட்டல், கழித்தல் குறி மட்டும்தான் மாறுகிறது, ஆனால் கீழே வரும் பதில்களில் பாதி அந்தக் குறியால்தான் தீர்மானமாகிறது.

சுவர் ஓரமாகவே பாக்டீரியாக்கள் சேர்வது ஏன்?

தள்ளும் வகை பக்கவாட்டிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. ஒரு பக்கத்தில் சுவர் இருந்தால் அங்கிருந்து நீர் வராது, அதனால் உடம்பே சுவரை நோக்கிப் போகும். முட்டிய பிறகு திசை மாறி விலக நேரம் ஆகும் என்பதும் ஒரு காரணம். விந்தணுக்கள் கண்ணாடி ஓரத்தில் குவிவதை 1963-லேயே அளந்திருக்கிறார்கள். சுவர் ஓரத்தில் ஈ.கோலை நேராகப் போகாமல் வட்டமடிக்கும். வால் ஒரு பக்கம் சுழல, உடம்பு மறுபக்கம் சுழல, இரண்டையும் சுவர் பிடித்து இழுப்பதால் வரும் திருப்பம் அது. சுவருக்குப் பதில் காற்றோடு ஒட்டிய நீர்ப்பரப்பாக இருந்தால் வட்டம் எதிர்ப்பக்கமாகும்.

கூட்டமாக இருந்தால் என்ன ஆகும்?

பேசிலஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவை நெருக்கமாக வளர்த்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், பொங்கும் சோற்றுப் பானையை மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். சில பத்து மைக்ரான் அகலத்துக்குச் சுழல்கள் தோன்றும், பிய்யும், வேறிடத்தில் தோன்றும். ரெனால்டு எண் ஆயிரக்கணக்கில் போனால்தான் கொந்தளிப்பு என்று படித்திருக்கிறோம். இங்கே அந்த எண் ஒன்றுக்கும் மிகக் கீழே. ஆற்றில் கொந்தளிப்புக்கான ஆற்றல் பெரிய சுழலில் நுழைந்து சின்னதற்கு இறங்கும். இங்கே ஒவ்வொரு பாக்டீரியாவும் கீழ்மட்டத்திலேயே ஆற்றலை ஊற்றுகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் விஷயம் வேறு.

2002-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஸ்ரீராம் ராமசாமியும் அதிதி சிம்ஹாவும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பாகுநிலை ஆளும் நீரில் இப்படிப்பட்ட நீந்திகள் எல்லாம் ஒரே திசை பார்த்து அணிவகுத்து நின்றால் அந்த அணி நிலைக்காது என்பது முடிவு. தள்ளும் வகையானாலும் இழுக்கும் வகையானாலும் சிறு வளைவு ஒன்று வளர்ந்து அணியைக் கலைத்துவிடும். ஒழுங்கே இல்லாத கூட்டமும் நெருக்கம் ஒரு எல்லையைத் தாண்டினால் தானாகச் சுழலத் தொடங்கும் என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் இது தள்ளும் வகைக்கு மட்டும். பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் கணேஷ் சுப்பிரமணியனும் டொனால்ட் கோச்சும் 2009-இல் அந்த எல்லைக்கான கணக்கைக் கொடுத்தார்கள்.

பாக்டீரியா கலந்தால் தண்ணீரின் பாகுநிலை குறையும் என்பது நிஜமா?

நிஜம். சாதாரணத் துகளைக் கலந்தால் பாகுநிலை கூடும், மாவு கரைக்கும் யாருக்கும் இது தெரியும். தள்ளும் வகை பாக்டீரியா நீர் இழுபடும் திசையில் சாய்ந்துகொண்டு, அதே திசையில் தானும் தள்ளுகிறது. ஓட்டத்துக்குக் கை கொடுக்கிறது. ராமசாமியின் குழு 2004-இல் இதை முன்கூட்டியே சொன்னது. 2009-இல் அமெரிக்காவில் சப்டிலிஸை வைத்து அளந்தபோது ஏழில் ஒரு பங்காகும் அளவுக்குக் குறைந்தது. 2015-இல் பிரான்ஸில் ஈ.கோலையை வைத்து அளந்தபோது பூஜ்யத்தையே தொட்டது. கிளாமிடோமோனாஸ் இழுக்கும் வகை, அதைக் கலந்தால் பாகுநிலை கூடுகிறது. அதையும் 2010-இல் அளந்துவிட்டார்கள்.

அப்படியானால் இலவச ஆற்றலா?

இல்லை. பாக்டீரியா சாப்பிட்டதுதான் செலவாகிறது. 2010-இல் அமெரிக்காவில் ஒரு குழுவும் ரோமில் ஒரு குழுவும் சாய்ந்த பற்கள் வைத்த குட்டிப் பற்சக்கரங்களைப் பாக்டீரியாக் கரைசலில் போட்டார்கள். நிமிடத்துக்கு ஒரு சுற்று அளவில் அவை ஒரே திசையில் சுழன்றன. வெறும் பிரௌனியன் இயக்கத்தை வைத்து இப்படிச் சுற்றவைக்க வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி விடாது. சாப்பிட்டுச் செலவிடும் கூட்டத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆக்சிஜனை நிறுத்தினால் சக்கரமும் நின்றுவிடும்.

உயிரில்லாத துகள் எப்படி நீந்தும்?

முதலில் வீட்டுச் சோதனை. அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தை எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் ஊற்றி, கற்பூரத்தில் அரிசி அளவு கிள்ளிப் போடுங்கள். சர்ரென்று ஓடும், சுற்றும், திசை மாறும். கற்பூரம் கரைந்து பரவும் பக்கத்தில் நீரின் பரப்பு இழுவிசை குறைகிறது. அடுத்த பக்கத்தின் இழுவிசை துண்டை இழுத்துக்கொள்கிறது. தலையில் எண்ணெய் தடவிய விரலால் நீரைத் தொட்டால் உடனே நின்றுவிடும். இந்த ஓட்டத்தை நிறுத்த எவ்வளவு எண்ணெய் போதும் என்று ராலே பிரபு 1890-இல் அளந்தே எழுதியிருக்கிறார்.

கற்பூரத் துண்டு பெரியது, நிலைமம் அதற்கு உண்டு. ஆனால் தன்னைச் சுற்றி ஒரு பக்கம் கூடுதல், மறுபக்கம் குறைவு என்ற வித்தியாசத்தைத் தானே உண்டாக்கி அதில் தானே ஏறிப் போவது என்ற சூத்திரம் மைக்ரான் அளவிலும் அப்படியே செல்லும். 2004-இல் பென்சில்வேனியாவில் பாதி தங்கம், பாதி பிளாட்டினமாக 2 மைக்ரான் குச்சிகள் செய்து ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டார்கள். இரண்டு முனையிலும் வேறுவேறு வேதிவினை நடந்து, குச்சி ஒரு குட்டி பேட்டரியாகித் தன் மின்புலத்தில் தானே ஓடியது. 2007-இல் பிளாஸ்டிக் மணியின் ஒரு பாதிக்கு மட்டும் பிளாட்டினம் பூசி ஓடவிட்டார்கள். இரண்டு முகம் கொண்ட ரோமானியக் கடவுளின் பெயரால் இவற்றை ஜானஸ் துகள் என்பார்கள். உடம்பின் வடிவம் மாறுவதே இல்லை என்பதால் சிப்பித் தேற்றம் இங்கே குறுக்கே வராது.

இவை ஒன்றையொன்று ஈர்க்காமலே கூட்டம் சேரும் என்கிறார்களே?

சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிகளுக்கு ஒன்றின்மேல் ஒன்றுக்குப் பிரியம் இல்லை. மெதுவாகும் இடத்தில் சேர்கின்றன, சேர்ந்ததால் இன்னும் மெதுவாகின்றன. தானாக ஓடும் துகள்களும் முட்டிக்கொண்ட இடத்தில் மெதுவாகிக் குவியும், மேலும் வருபவை அதில் மாட்டும். 2008-இல் தாய்யர், கேட்ஸ் இருவரும் இதைக் கணக்காக்கினார்கள். 2013-இல் நியூயார்க்கில் நீல விளக்கு போட்டால் ஓடும் மணிகளைச் செய்தார்கள். விளக்கு எரியும்வரை அவை படிகத்திட்டுகளாகச் சேரும், பிரியும், மறுபடி சேரும். அணைத்தால் கலைந்துவிடும். அங்கே வேதி ஈர்ப்பும் கொஞ்சம் உண்டு என்பதால் அது சுத்தமான சுங்கச்சாவடி இல்லை.

வயிற்றுப் புண் கிருமி தக்கை திருகிபோல் சளியைத் துளைத்துக்கொண்டு போகிறதாமே?

ஹெலிகோபாக்டர் பைலோரியின் வடிவத்தைப் பார்த்து அப்படித்தான் நினைத்தார்கள். இரைப்பையின் சளிப்படலம் அமிலத்தில் கெட்டியான கூழாக இருக்கும், எவ்வளவு முறுக்கினாலும் அதில் கிருமி நகராது. அது யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, சுற்றிலும் அமிலத்தைக் குறைக்கிறது. கூழ் இளகுகிறது. இளகியதில் நீந்துகிறது. 2009-இல் இது தெளிவானது.

இவற்றை மருந்து கொண்டுபோக விடலாமா?

பல் மருத்துவர் கேட்ட கேள்வி இது. பெராக்சைடை ரத்தத்தில் ஊற்ற முடியாது என்பதால் ஜானஸ் மணிகளை உடம்புக்குள் விடுவது கடினம். நடைமுறைக்கு நெருக்கமாக இருப்பவை காந்தத்தால் சுற்றவைக்கும் நுண்திருகுகள். 2009-இல் சூரிக்கிலும் ஹார்வர்டிலும் தனித்தனியே செய்தார்கள். ஹார்வர்டில் செய்தவர்களில் ஒருவரான அம்பரீஷ் கோஷ் இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இருக்கிறார். பல்லின் டென்டின் நுண்குழல்களுக்குள் திருகுகளை ஆழமாகச் செலுத்த முடியும் என்று அவருடைய குழு 2022-இல் காட்டியது. ஆனால் வெளிக்காந்தம் சுழற்றுவதால் இவற்றைத் தானாக நீந்துபவை என்று நான் சொல்லமாட்டேன். பொதுச் செய்திகளில் இரண்டையும் நுண் ரோபோ என்று ஒரே கூடையில் போடுகிறார்கள். சுற்றியிருக்கும் ஓட்டம் வேறு, கூட்டத்தின் நடத்தை வேறு, பிரித்தே பேச வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைப் படிக்க இடம் உண்டா?

உண்டு. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் ரோணஜய் அதிகாரியும் அவருடைய மாணவர்களும் இத்தகைய துகள்களின் ஓட்டங்களைக் கணக்கிட நிறைய உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பிலிருந்து வந்த பைஸ்டோக்ஸ் என்ற மென்பொருள் இலவசம். அதை எழுதியவர்களில் ஒருவரான ராஜேஷ் சிங் சென்னை ஐஐடியில் இருக்கிறார். அங்கேயே வேதிப் பொறியியல் துறையில் சுமேஷ் தம்பி பாக்டீரியாக் கொந்தளிப்பில் வேலை செய்கிறார். இயற்பியல், வேதிப் பொறியியல், உயிரியல் எந்த வாசலில் நுழைந்தாலும் சரி, வகைக்கெழுச் சமன்பாடும் நிகழ்தகவும் கைவசம் இருக்க வேண்டும்.

மைக்ராஸ்கோப் இல்லை. கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாமா?

பைத்தானில் இருபது வரி போதும். 2 மைக்ரான் விட்டமுள்ள மணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், வேகம் நொடிக்கு 5 மைக்ரான். அறை வெப்பத்தில் நீரில் அதன் விரவல் எண் நொடிக்கு 0.22 சதுர மைக்ரான், திசை மாறும் எண் நொடிக்கு 0.16. நூறில் ஒரு நொடிப் படிகளாக ஓட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்று வேலை: பார்க்கும் திசையில் 0.05 மைக்ரான் நகர்த்துங்கள், எக்ஸ், ஒய் இரண்டிலும் சிறு தற்செயல் தள்ளு கொடுங்கள், திசைக் கோணத்தையும் தற்செயலாகக் கொஞ்சம் திருப்புங்கள். தள்ளின் அளவு, இரண்டு மடங்கு விரவல் எண்ணைப் படி நேரத்தால் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். கோணத்துக்கும் அதே சூத்திரம், திசை மாறும் எண்ணைப் போட்டு.

பத்து நிமிடத்துக்கான தடத்தை வரையுங்கள். ஏறக்குறைய ஆறு நொடி, 30 மைக்ரான்வரை கோடு ஓரளவு நேராகப் போய் வளையும், மறுபடி போகும். நெடுநேரம் ஓட்டி விரவலை அளந்தால் 78 சதுர மைக்ரானை ஒட்டி வரும், சும்மா மிதக்கும் மணியைப்போல் முந்நூற்றைம்பது மடங்கு. இப்போது வேகத்தை மட்டும் பூஜ்யமாக்கி அதே தாளில் வரையுங்கள். முதல் தடம் பக்கத்தை நிரப்பியிருக்க, இரண்டாவது ஓரத்தில் ஒரு சின்ன நூல் முடிச்சாகத் தெரியும்.